பின்வாசல் வழியாக வரவும்

எங்கள் அலுவலகத்தில் பிளாட்டர்காரருக்கு நன்றி சொல்வது சுலபமான காரியம் இல்லை. நன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்கு ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடும். காகிதச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இல்லையென்றால் இயந்திரத்தில் மை எவ்வளவு மிச்சம் என்று குனிந்துகொள்வார். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் அவருடைய முதுகுக்குத்தான் நன்றி சொல்ல முடிந்தது.

நகரக் குடிநீர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் வரைபடப் பிரிவு இருக்கிறது. நீளமான அறை. ஒரு பக்கம் ஜன்னல்கள், மறு பக்கம் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாத இரும்பு அலமாரிகள். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு பிளாட்டர் நிற்கிறது. பெரிய வரைபடங்களை அச்சிடும் இயந்திரம் அது. அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் பிளாட்டர்காரர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர். இந்தப் பக்கம் நான்.

கணினியில் இந்த நகரத்தின் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தெருக்களுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய்கள் ஒரு அடுக்கு, அவற்றை மூடித் திறக்கும் வால்வுகள் ஒரு அடுக்கு, வீட்டு இணைப்புகள் ஒரு அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்ததுபோல் நாற்பத்தாறு அடுக்குகள். லேயர் என்று சொல்வோம். ஒரு வீடு என்பது அதில் ஒரு நீலப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் அதன் பின்னால் ஒரு வரி விரியும். குழாயின் அகலம், இணைப்பு கொடுத்த ஆண்டு, இணைப்பு எண் என்று வரிசையாகப் புலங்கள். பேச்சில் நாங்கள் அதை ஃபீல்டு என்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மேலாளர் என் மேஜைக்கே வந்து நின்றார்.

“இன்னைக்கு நாலு மணிக்கு நம்ம லேயர் எல்லாம் இணையத்துல பொதுத் தளத்துக்குப் போகுதும்மா. முதல் தடவை. யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். படிக்கிறவங்க, வீடு கட்டுறவங்க, சும்மா வேடிக்கை பாக்குறவங்க, எல்லாரும்.”

“ஆளுங்க பேரு, போன் நம்பர் எல்லாம் எடுத்தாச்சா சார்?”

“அதெல்லாம் போன ஒப்பந்தக்காரர் எடுத்துட்டுத்தான் போனார். என் கண்ணால பாத்தேன். நீ ஒரு பார்வை பாத்துட்டு போல்டர்ல போட்டுடு. நாலு மணிக்கு அவங்களே வந்து எடுத்துக்குவாங்க.”

அவர் கண்ணால் பார்த்தது உண்மைதான். நானும் ஒரு பார்வை மட்டும் பார்த்திருந்தால் அதையேதான் பார்த்திருப்பேன். என்னைக் காப்பாற்றியது என் சோம்பேறித்தனம். நாற்பத்தாறு அடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, பைத்தான் என்ற கணினி மொழியில் எட்டு வரி நிரல் ஒன்று எழுதினேன். ஒவ்வோர் அடுக்காகப் போய் அதில் உள்ள புலங்களின் பெயர்களை மட்டும் திரையில் எழுதிக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

வீட்டு இணைப்பு அடுக்கின் அட்டவணையில் பதினான்கு புலங்கள் தெரிந்தன. என் நிரல் இருபத்தொன்று என்றது.

ஒப்பந்தக்காரர் எதையும் நீக்கியிருக்கவில்லை. எங்கள் மென்பொருளில் ஒரு புலத்தின் பக்கத்தில் இருக்கும் குறியை எடுத்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அலமாரிக்கு முன்னால் திரைச்சீலை தொங்கவிடுவதுபோல. அட்டவணை துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பார்ப்பவர் நீக்கியாகிவிட்டது என்றே நினைப்பார். கோப்பை இறக்கிக்கொள்பவருக்கு மட்டும் திரைச்சீலை போய்ச் சேராது, அலமாரி போய்ச் சேரும். பெயர், தொலைபேசி எண், இரண்டாவது எண், மீட்டர் பார்ப்பவரின் குறிப்பு எல்லாம் அதில் அப்படியே இருந்தன. முப்பத்தெட்டாயிரம் வீடுகளுக்கு.

நான் முதலில் தேடியது ஒரே ஒரு வீட்டை.

அக்காவின் வரி கிடைத்தது. அவள் பெயர். அவள் எண். கடைசிப் புலத்தில் மீட்டர் பார்ப்பவர் எழுதியிருந்தார்: ‘கீழ்த்தளம். தனியாக இருக்கிறார். பின்வாசல் வழியாக வரவும்.’

அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

அக்கா தன் கணவரை விட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் வீட்டை அவர் கண்டுபிடித்தது, குப்பையோடு வெளியே வைத்த ஒரு பார்சல் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை வைத்து. இரண்டாவது வீட்டை, யாரோ எடுத்த புகைப்படத்தில் அக்காவுக்குப் பின்னால் தெரிந்த கடைப் பலகையை வைத்து. தேடுவதில் அவர் அவ்வளவு பொறுமைசாலி. எதிர்ப்பக்க நடைபாதையில் மணிக்கணக்காக நிற்பார். இரண்டாவது வீட்டின் பூட்டு எப்படி உடைந்தது என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்.

இது மூன்றாவது வீடு. இங்கே வந்து ஆறு மாதம். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறாள். தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது பெயர் போடவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். “போடுக்கா, எங்க ஆபீஸ்தானே, வெளிய எங்க போகப்போகுது?” என்று சொல்லிப் பேனாவை அவள் கையில் கொடுத்தவள் நான்.

மாடிப்படி வளைவில் நின்றுகொண்டு அவளுக்கு போன் செய்தேன். பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“என்னடி இந்த நேரத்துல? தலை போற விஷயமா?”

“ஆமாக்கா.”

சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். “உங்க ஆபீஸ் படத்துல நானும் இருக்கேனா? எப்படித் தெரியுறேன், கொஞ்சம் இளைச்சுத் தெரியுறேனா?”

“விளையாடாதக்கா. பேரு இருக்கு, நம்பர் இருக்கு. அப்புறம், பின்வாசல் வழியா வரணும்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க.”

இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

“எத்தனை மணிக்கு வெளிய போகுது?”

“நாலு. அதுக்குள்ள எடுத்துடுவேன். சத்தியமா எடுத்துடுவேன்.”

“சத்தியம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் மூட்டை கட்டணுமா, வேண்டாமா?”

“வேண்டாம்.”

“யோசிச்சுச் சொல்லுடி. எனக்காக நல்லதா சொல்லாத. இந்த வீட்டுலதான் எனக்குத் தூக்கம் வருது.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சரி. மதியத்துக்கு மேல லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போறேன். முடிஞ்சதும் நேர்ல வா. போன்ல சொன்னா நம்ப மாட்டேன். உன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.”

அடுத்த நிரல் பன்னிரண்டு வரிகள். முதலில் நீக்க வேண்டிய புலங்களின் பட்டியல்: பெயர், எண், இரண்டாவது எண், குறிப்பு, வாசல், இன்னும் இரண்டு. பிறகு ஒரு சுழற்சி. ஒவ்வோர் அடுக்கையும் திற, பட்டியலில் உள்ளது எதுவும் இருந்தால் நீக்கு, நீக்கியதைத் திரையில் சொல். ஒரு பிரதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வெளியே போகவிருந்த கோப்பில் ஓட்டினேன். ‘நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது’ என்று திரையில் வரிகள் இறங்கின. மழை நின்ற பிறகு கூரையிலிருந்து சொட்டும் சத்தம் போல அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பிறகு முதல் நிரலை மறுபடி ஓட்டினேன். பதினான்கு. திரைச்சீலை இல்லாமலே பதினான்கு.

கோப்பை போல்டரில் போட்டுவிட்டு ஒரு காபி குடித்தேன். மணி இரண்டரை. மேலாளர் அறைச் சுவரில் மாட்ட ஒரு பெரிய வரைபடம் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் காலையில் கொடுத்திருந்ததற்குப் பதிலாகப் புதிய கோப்பை பிளாட்டர்காரருக்கும் கொடுத்தேன்.

பிளாட்டர்காரரின் மடிக்கணினியில் எங்கள் மென்பொருள் கிடையாது. அவருக்கு பைத்தான் என்றால் பாம்புதான். ஆனால் எந்தக் கோப்பு வந்தாலும் அதை வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். எப்போதோ யாரோ தப்பான கோப்பைக் கொடுத்து, இருநூறு தாள் வீணாகிப் பழி அவர் தலையில் விழுந்ததாம். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட நோட்பேடில் திறந்துதான் படிப்பார் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. நானும் அந்தக் கேலியைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

“தங்கச்சி, இங்க வாங்க,” என்று கூப்பிட்டார். “காலையில குடுத்த பைலும் இதே எடை. இப்ப குடுத்ததும் இதே எடை. என்னமோ நீக்கினேன்னு சொன்னீங்களே?”

“ஃபீல்டு நீக்கினேண்ணே. ஏழு ஃபீல்டு.”

“பொட்டியிலருந்து ஏழு சாமான் எடுத்தா பொட்டி கொஞ்சமாவது லேசாகணும்ல?”

“கம்ப்யூட்டர்ல அப்படியெல்லாம் இல்லண்ணே.” இதைச் சொன்னபோது என் குரலில் இருந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

“அப்படியா. எனக்கென்ன தெரியும்.” திரையை என் பக்கம் திருப்பினார். “அப்ப இந்தக் குப்பைக்குள்ள போன் நம்பரெல்லாம் தெரியுதே, அது யாரோடது?”

கோப்பு வெறும் எழுத்தாகத் திறந்திருந்தது. பெரும்பாலும் அர்த்தமில்லாத குறிகள், கட்டங்கள், கேள்விக்குறிகள். நடுநடுவே, வயலில் தண்ணீர் தேங்கிய இடங்கள் போலத் தெளிவாக எண்கள். எண்களுக்குப் பக்கத்தில் பெயர்கள்.

“நான் கொஞ்சம் தேடிப் பாக்கட்டுமாண்ணே?”

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். நான் தேடல் கட்டத்தில் கையை வைத்ததும் அந்தப் பக்கம் திரும்பி, மாட்டியிருந்த காகிதச் சுருளைக் கழற்றி மறுபடி மாட்ட ஆரம்பித்தார். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது. நான் அக்காவின் பெயரை அடித்தேன்.

இருந்தது. எண்ணும் இருந்தது. பின்வாசலும் இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த வகைக் கோப்பில் ஒரு புலத்தை நீக்கினால், இந்த இடம் இனி காலி என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். பழைய எழுத்தை அழிக்காது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போன பிறகும் சுவரில் எழுதிவைத்த போன் நம்பர் இருக்குமே, அதுபோல. வேறு யாராவது வந்து வெள்ளையடிக்கும் வரைக்கும் அது இருக்கும். முறையாக வரைபடமாகத் திறப்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிறவருக்குத் தெரியும். அப்படித் தேடுகிற ஒருவரை எனக்குத் தெரியும்.

மணி மூன்று பத்து. போல்டரில் போட்டதைத் திரும்ப எடுக்கும் உரிமை மேலாளருக்கு மட்டும்தான்.

“சார், போல்டர்ல இருக்கிற பைலை எடுத்துடுங்க. இன்னைக்கு அனுப்ப வேண்டாம்.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா விளையாடுறியா? எல்லாம் சுத்தம் பண்ணியாச்சுன்னு காலையிலயே மேல எழுதிக் குடுத்துட்டேன்.”

“முழுசா சுத்தமாகல சார். அடியில இன்னும் பேரு இருக்கு.”

“தெரியுதா?”

“சாதாரணமா திறந்தா தெரியாது. எழுத்தா திறந்தா தெரியும்.”

“யாரும்மா அப்படித் திறப்பாங்க? நம்ம ஆளு ஒருத்தர் திறப்பார். அவரைத் தவிர இந்த உலகத்துல யாரு?”

ஒருத்தர் திறப்பார் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக இருந்தால் அக்காவின் ஒன்றரை வருடத்தையும் அந்த மேஜை மேல் கொட்ட வேண்டும். அவள் யாரிடமும் சொல்லாததை நான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் பிளாட்டர்காரர் தன் மடிக்கணினியை இரண்டு கையாலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

“சார், உங்க வீடும் இருக்கு.”

“என் வீடா?”

“உங்க நம்பர்தானே இது? பக்கத்துல மீட்டர் பாக்குற தம்பி ஏதோ எழுதியிருக்கு. நான் படிக்கல. நீங்களே படிச்சுக்கோங்க.”

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ‘மீட்டர் அறைச் சாவி தரமாட்டார். காரணமில்லாமல் கத்துவார். மதியம் தூங்கும் நேரத்தில் போகக் கூடாது. வீட்டம்மா இருக்கும்போது போனால் நல்லது.’

அவர் இரண்டு தடவை படித்தார்.

“நான் எங்கம்மா மதியம் தூங்குறேன்? ஞாயித்துக்கிழமை ஒரு நாள் கண்ணசந்தா அது தூக்கமா?”

“இல்ல சார்,” என்றேன்.

“காரணமில்லாம கத்துறேனாம்!” என்று கத்தினார். பிறகு கண்ணாடித் தடுப்பைத் தாண்டி யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதை ஊரு பூராவும் படிக்குமா?”

“தேடினா படிக்கலாம் சார்.”

அவர் உடனே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் இருந்தவரிடம் மெதுவாக, மரியாதையாக, கொஞ்சம்கூடக் கத்தாமல் பேசினார். ஐந்து மணி வரை நேரம் கிடைத்தது. போல்டரிலிருந்து கோப்பை அவரே எடுத்தார். “ஆயிரக்கணக்கான பேரு சம்பந்தப்பட்ட விஷயம்மா. நல்லவேளை பாத்த,” என்றார் என்னிடம். எதற்காக நான் அப்படி ஓடிவந்தேன் என்று அவர் கேட்கவில்லை. தன் வீட்டுக் கவலையில் கேட்காமல் விட்டாரா, என் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டாரா, தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்கு நான் கடன்பட்டவள். முகமே தெரியாத அந்த மீட்டர்காரத் தம்பிக்கும்தான். அக்காவின் பின்வாசலை எழுதிவைத்ததும் அதே கைதான், மேலாளரின் மதியத் தூக்கத்தை எழுதி எங்களைக் காப்பாற்றியதும் அதே கைதான்.

என் இடத்துக்கு வந்து, நீக்கும் நிரலை முழுக்க அழித்தேன்.

கோப்பை இறுக்கிச் சுருக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் பழைய எழுத்தும் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். போகும்தான். ஆனால் அன்றைக்கு இரண்டு முறை ‘போய்விட்டது’ என்பது பொய்யாகியிருந்தது. அக்கா வீடு மாறிய நாட்கள் நினைவுக்கு வந்தன. எதை விட்டுவிட்டுப் போவது என்று அவள் ஒருநாளும் பட்டியல் போட்டதில்லை. எதை எடுத்துக்கொள்வது என்பது மட்டும்தான் கேள்வி. விடுவதற்குப் பட்டியல் போட்டால் முடிவே இருக்காது. எடுப்பதற்கு இரண்டு பை போதும்.

அதனால் புதிய நிரல் தலைகீழாக வந்தது. பழைய கோப்பை அது தொடவே தொடாது. வெற்றுக் கோப்பு ஒன்றைப் புதிதாகத் திறக்கும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் புள்ளிகளையும், நான் பெயர் சொல்லி அழைத்த புலங்களையும் மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போகும். குழாய் அகலம் வரலாம். ஆண்டு வரலாம். இணைப்பு எண்கூட வேண்டாம். அழைக்காதது எதுவும் வராது. நீக்குவது என்ற வேலையே அதில் கிடையாது.

நாற்பத்தாறு அடுக்குகளுக்கும் எடுக்க வேண்டியவற்றை எழுத நாற்பது நிமிடம் ஆனது. அதில்தான் இன்னொன்றும் தெரிந்தது. சாலையோர மரங்களுக்கும் எங்களிடம் ஒரு அடுக்கு உண்டு, வேர் குழாய்க்குள் புகுந்த மரங்கள். அதில் புகார் கொடுத்தவரின் பெயர் வேறொரு தலைப்பின் கீழ் இருந்திருக்கிறது. என் பழைய பட்டியலில் அது இல்லை. யாரோ ஒருவர், பக்கத்து வீட்டு மரத்தைப் பற்றி ரகசியமாகப் புகார் சொன்னவர், தான் தப்பித்தது தெரியாமலே இன்று நிம்மதியாக இருப்பார்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது பிளாட்டர்காரர் ஸ்டூலை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க பாம்பு வேலை செய்யுதா?”

“செய்யுதுண்ணே. அஞ்சு நிமிஷம்.”

“கடிக்காம பாத்துக்கோங்க.”

புதிய கோப்பு வந்ததும் எடுத்துப் பார்த்தார். “ஆங். இப்பத்தான் பொட்டி லேசாச்சு.” பாதிக்கும் குறைவான எடை. வெறும் எழுத்தாகத் திறந்து மேலிருந்து கீழ் வரை இறங்கிக்கொண்டே வந்தார். ஆற்றங்கரையில் தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போல, அவசரமே இல்லாமல். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, “இது என்ன?” என்று கேட்டார். இரண்டும் வால்வு எண்கள். மேலாளரின் எண்ணை அடித்துத் தேடினார். இல்லை. தன் எண்ணை அடித்துத் தேடினார். இல்லை.

“என் வீட்டைப் பத்தி அந்தத் தம்பி என்ன எழுதியிருந்துச்சோ,” என்றார். “போகட்டும், தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் கோப்பை போல்டரில் வைத்தார். ஐந்து மணிக்கு அது பொதுத் தளத்துக்குப் போனது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். பிளாட்டர்காரர் அப்படி நினைக்கவில்லை. யாரோ ஒரு வெளியாள் போலத் தளத்துக்குப் போய் அந்தக் கோப்பை அங்கிருந்து இறக்கினார். அதையும் வெறும் எழுத்தாகத் திறந்தார். பிறகு மடிக்கணினியை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“நீங்க தேட வேண்டியதை நீங்க தேடிக்கோங்க. நான் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

அறையின் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாயடிக்கு நடந்து போனார். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு மனிதர் அவ்வளவு நேரம் குடித்து நான் பார்த்ததில்லை.

அக்காவின் பெயர் இல்லை. எண் இல்லை. வாசல் என்று தேடினேன், பின் என்று தேடினேன், தனியாக என்று தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. அதைவிட அன்பான ஒரு வாக்கியத்தை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

அவர் திரும்பி வந்ததும், “ரொம்ப நன்றிண்ணே,” என்றேன்.

“மை தீரப்போகுது பாருங்க,” என்று சொல்லி பிளாட்டரின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார்.

அக்காவின் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் சுவர்களில் இருந்தது. பின்வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. என் குரலைக் கேட்டு, இரண்டாம் முறை கேட்டு, பிறகுதான் திறந்தாள்.

இரண்டு பைகள் கதவுக்குப் பக்கத்தில் ஜிப் போட்டுத் தயாராக நின்றன. செருப்பும் போட்டிருந்தாள். ஜன்னலில் துணி இல்லை, கட்டில் மேல் விரிப்பு இல்லை. மூன்று மணி நேரத்தில் ஆறு மாதத்தைச் சுருட்டி வைத்திருந்தாள்.

என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“போயிடுச்சுக்கா,” என்றேன்.

“மூஞ்சி அப்படித்தான் சொல்லுது. இருந்தாலும் காட்டு.”

பைகளின் மேலேயே உட்கார்ந்தோம். என் போனில் பொதுத் தளத்தைத் திறந்தேன். நகரம் முழுக்க நீலப் புள்ளிகள். இரண்டு விரலால் விரித்து, அவள் தெரு, அவள் சந்து, அவள் வீடு என்று நெருங்கினேன். அவள் புள்ளியைத் தொட்டேன். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. குழாய்: அரை அங்குலம். ஆண்டு. அதோடு சரி.

“அவ்வளவுதானா நான்?”

“அவ்வளவுதான்.”

“பேரு?”

“கிடையாது. இதுலயும் இல்ல, அடியிலயும் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் இருக்கார், அவர் அடி வரைக்கும் பாத்துட்டார்.”

“அவருக்கு நான் யாருன்னு தெரியுமா?”

“கேக்கவே இல்லக்கா. நான் உன் பேரை அடிக்கும்போது திரும்பி நின்னுக்கிட்டார்.”

அக்கா வெகுநேரம் அந்த நீலப் புள்ளியையே பார்த்தாள். அதே போன்ற ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒன்று. கண் கலங்கியதை மறைக்க மூக்கை உறிஞ்சினாள். “நல்ல மனுஷன். நல்லா இருக்கட்டும்,” என்றாள். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்துப் புள்ளியைத் தொட்டாள். எதிர் வீட்டைத் தொட்டாள். மாடி வீட்டைத் தொட்டாள்.

“ஏய், இங்க பாரு. மாடி வீட்டுக்கு முக்கால் அங்குலம்னு போட்டிருக்கு.”

“ஆமா. அதனால என்ன?”

“அதனால என்னவா? ஆறு மாசமா எனக்குக் குழாயில நூல் மாதிரி தண்ணி வருது. மேல அந்தம்மா குளிச்சா அருவி கொட்டுது. கேட்டா, எல்லாருக்கும் ஒரே குழாய்தாங்கன்னு கையை விரிக்குது!” செருப்பை உதறிக் கழற்றினாள். ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. “எந்திரி, பை மேல உக்காராத, விரிப்பு கசங்கும். நாளைக்குக் காலையில முதல் வேலையா மாடிக்குப் போறேன். இந்தப் படத்தை எனக்கு அனுப்பி வை.”